பதினேழாம் எண் முயலைத் திருப்பித் தருவது குறித்து

வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மருமகனைப் பெற்றவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் வீட்டுக்காரி, தாங்கள் கொடுத்த முயல் ஆகிய மூவரும் சௌக்கியம். அங்கே தாங்கள், சம்பந்தியம்மா, மீதமுள்ள இருபத்திரண்டு முயல்கள், தங்கள் வலது முழங்கால் ஆகியோரின் சௌக்கியத்துக்குப் பதில் எழுதினால் மகிழ்வேன். முழங்காலுக்கு நான் சொன்ன எண்ணெயைத் தேய்த்தீர்களா என்று கேட்க மாட்டேன். தாங்கள் மருந்துக்கடை வைத்திருப்பவர், நான் சலூன் வைத்திருந்தவன். யார் சொல்வதை யார் கேட்பது என்று ஒரு முறை இருக்கிறது.

நேற்று தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி கிடைத்தது. "ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். பதினேழைத் தயாராக வைக்கவும்." அவ்வளவுதான். ஒரு வணக்கம் இல்லை, நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. மருந்துச் சீட்டில்கூட மேலே நோயாளியின் பெயர் இருக்கும். உடனே போனில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் "சரி, சரி" என்று ஏழு தடவை சொல்லி வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் என் வீட்டுக்காரியிடம் கெஞ்சி, கோடு போட்ட தாள் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாருங்கள். தாராளமாக வாருங்கள், முயலை எடுத்துக்கொண்டு போங்கள். நான் கொடுத்த வாக்கிலிருந்து நகர்கிறவன் இல்லை. இந்த நீள ரோம அங்கோரா முயல் வளர்க்கிறவர்களுக்குள் என்ன வழக்கம் என்பதைத் தாங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். நிறைய நல்ல முயல் வைத்திருப்பவர் ஒரு பெண் முயலைத் தெரிந்தவரிடம் ஒரு வருஷத்துக்கு வளர்க்கக் கொடுப்பார். வளர்ப்பவர் அதை முயல் வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டுக் காட்சியில் நடுவர் பார்க்க மேசை ஏற்ற வேண்டும். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அது அவருக்கே சொந்தம். வராவிட்டால் அது பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். இதையும் வளர்க்கும் முறையையும் மூன்று பக்கத்துக்கு எழுதி, கீழே நாம் இருவரும் கையெழுத்துப் போட்டோம், சாட்சிக்கு உங்கள் மகளும் என் மகனும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் கல்யாணப் பதிவுக்குக்கூட இத்தனை கையெழுத்து ஆகவில்லை. தாங்கள் பதினேழு என்று காதில் பச்சை குத்தி அனுப்பினீர்கள். நாங்கள் சீமாட்டி என்று கூப்பிட்டோம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். பதினேழு என்று நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள், காதைக்கூட ஆட்ட மாட்டாள்.

அவளைக் காட்சியில் எதற்காகத் தள்ளினார்கள் என்பதை நீங்கள் நாலு பேர் வாயால் கேட்டிருப்பீர்கள். என் வாயாலும் ஒரு தடவை கேளுங்கள். அதற்கு முன்னால் ஒரு வருஷம் அவளை நான் எப்படி வைத்திருந்தேன் என்பதும் தங்களுக்குத் தெரிய வேண்டும். குறை சொல்வதற்கு முன் முழுதும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதல் வாரம். ரோமத்தைச் சீப்பால் வறட்டு வறட்டென்று சீவக்கூடாது, கொத்தாகக் கையோடு வந்துவிடும், காற்றடித்துத்தான் பிரிக்க வேண்டும் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். காற்றடிக்க எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? முப்பத்தெட்டு வருஷம் ஹேர் டிரையர் பிடித்தவன் நான். சூட்டை அணைத்தேன், வேகத்தைக் கூட்டினேன், வீட்டுக்குள் ரோமம் பறந்தால் என் வீட்டுக்காரி என்னையும் சேர்த்துப் பறக்க விட்டுவிடுவாள் என்பதால் வாசலில் ஸ்டூல் போட்டு, சீமாட்டியை மடியில் வைத்து ஒரு பிடி பிடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருந்தாள். உதிர வேண்டிய ரோமமெல்லாம் மேலே எழும்பி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுக்குப் போனது. எதிர்வீட்டில் இருப்பவர் பஸ் ஓட்டுநர். அன்று காலையில்தான் வாசல் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, காயட்டும் என்று விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் மனுஷன் வந்து சாவியை நீட்டினவர் இரண்டு அடி பின்னால் குதித்தார். அங்கிருந்தே கத்தினார்: "அண்ணே! என் கதவுக்கு என்னமோ முளைச்சிருக்கு, கொஞ்சம் வந்து பாருங்க!"

போய்ப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, அரை விரல் உயரத்துக்கு வெள்ளை ரோமம். காற்று வீசினால் அலை அலையாகச் சாய்கிறது. நான் பதறவில்லை. "இதெல்லாம் என் தொழில்தான், நீங்க உள்ள போய் உட்காருங்க" என்று சொல்லி, ரேஸரை எடுத்து வந்து கதவுக்குச் சவரம் செய்துவிட்டேன். பெயிண்டும் கூடவே வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு நானே பக்கத்தில் நின்று புதுப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன், அந்தத் தெருவிலேயே இப்போது அதுதான் அழகான கதவு. அந்த ஓட்டுநர்தான் வாரம் இரண்டு நாள் பணிமனைக்குப் பின்னாலிருந்து புல் அறுத்து, நிழலில் உலர்த்தி, சீமாட்டிக்குக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து தருகிறார். மனுஷர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது நாலாம் மாதம். ஒரு நாள் காலையில் சீமாட்டி தீனியைத் தொடவில்லை. மூலையில் முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்கு போன் போட்டேன். ஞாபகம் இருக்கிறதா? நான் அழாத குறையாக, "சம்பந்தி, சாப்பிட மாட்டேங்கிறா" என்றேன். நீங்கள் எடுத்த எடுப்பில், "புழுக்கை எத்தனை?" என்றீர்கள்.

"என்னது?"

"புழுக்கைங்க. நேத்து எத்தனை, இன்னிக்கு எத்தனை?"

"எண்ணலையே."

"எண்ணாம எப்படிங்க முயல் வளர்க்கிறீங்க?"

இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் ரோஷம் வராது? அதன் பிறகுதான் நீங்கள் சொன்னீர்கள்: அங்கோரா தன் உடம்பை நக்கி நக்கி ரோமத்தை விழுங்கிவிடும், அது வயிற்றில் அடைத்துக்கொள்ளும், புழுக்கை சின்னதாகும், மணி கோத்த மாதிரி ரோமத்தில் கோத்துக்கொண்டு வரும், அதைப் பார்த்தால் உடனே புல்லைக் கூட்டு, தண்ணீரைக் கூட்டு, மூலையில் உட்கார விடாமல் நடக்க வை, சாயங்காலத்துக்குள் வாய் வைக்காவிட்டால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு என்று. நல்லவேளை, மத்தியானமே ஒரு தண்டு கடித்தாள். அன்றிலிருந்து பதினோரு நாள் நான் தரையில் குந்தி எண்ணிச் சொல்ல, என் வீட்டுக்காரி காலண்டரில் எழுதினாள். ஆறாம் நாள் நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது உங்கள் மகள் போனில் வந்தாள். அத்தையும் மருமகளும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் கூண்டுக்கடியிலிருந்து "நூத்தி நாப்பது!" என்று சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அந்தப் பக்கம் உங்கள் மகள் பதறிப்போய், "அத்தை, மாமாவுக்கு பிரஷரா? உடனே படுக்கச் சொல்லுங்க!" என்கிறாள். இவள் நிதானமாக, "மாமா பிரஷர் எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. இது புழுக்கை" என்றாள். அப்புறம், "எங்க அப்பா உங்களையும் கெடுத்துட்டாரா?" என்று ஒரு கேள்வி வந்தது. இது அவள் சொன்னது, நான் சேர்த்துச் சொல்லவில்லை.

எப்படியோ, பதினோராம் நாள் இருநூற்றைத் தாண்டினாள். நான் தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கு மட்டும் காரணம் சொல்லவில்லை.

வெயில் காலத்தில் கூண்டுக்குள் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துப் படுக்க வைத்தேன், அவள் அதன்மேல் சாய்ந்துகொள்ள. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அந்த மூன்று மாதமும் மனுஷர்கள் குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் கிடையாது. நகம் வெட்டினேன். காது துடைத்தேன். தினமும் முக்கால் மணி நேரம் காற்றடித்தேன். ரோமம் நாளுக்கு நாள் வளர்ந்து, முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் தீனிக் கிண்ணத்தை வால் பக்கம் வைத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தேன். என் வீட்டுக்காரி ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "நாப்பது வருஷத்துல என் தலையை ஒரு நாளாவது இப்படி வாரி விட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். உட்கார வைத்து வாரிவிட்டேன். "போதும் போதும், முயலுக்குப் பிடிக்கிற மாதிரியே காதைப் பிடிக்கிறீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

இப்போது காட்சி விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். சலூனை ஏன் மூடினேன் என்று நீங்கள் கேட்டபோது, "வயசாச்சு, கொஞ்சம் ஓய்வா இருக்கலாம்னுதான்" என்று சொன்னேன். அது பொய். என் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. முதலில் கட்டைவிரல், அப்புறம் மணிக்கட்டு வரை. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, பயப்படுகிற வியாதி ஒன்றுமில்லை, வயதோடு வருவது, இப்படித்தான் இருக்கும் என்றார். இப்படித்தான் இருக்கும் என்றால் கத்தியை எப்படிப் பிடிப்பது? எங்கள் தபால்காரர் எனக்குப் பதினெட்டு வருஷ வாடிக்கை. ஒரு நாள் அவர் காதோரம் சரிசெய்யும்போது கை துள்ளி, கத்தி பட்டு, ரத்தம் வந்துவிட்டது. மனுஷன் திட்டவில்லை. "பரவாயில்ல, பரவாயில்ல" என்று கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த மாதம் அவர் வேறு கடையில் முடி வெட்டிக்கொண்டு, என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கீழே இழுத்து மறைத்தார். அந்த வாரமே ஷட்டரை இறக்கிவிட்டேன். இதை உங்களிடம் சொல்லவில்லை, மகனிடம் சொல்லவில்லை, உங்கள் மகளிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். டம்ளரில் பாதிதான் டீ வாங்கிக்கொள்வேன், சிந்தக்கூடாது என்று. என் வீட்டுக்காரி மட்டும் கேட்காமலே பாதி ஊற்றுவாள்.

சும்மா உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் நீங்கள் முயலைக் கொண்டுவந்து வைத்தீர்கள். நீங்கள் எதை நினைத்துக் கொடுத்தீர்களோ தெரியாது. முதல் மாதம், காற்றடிக்கிற நேரம் தவிர என் கை அவள்மேல் பட்டாலே பின்னங்காலால் தரையை டமார் என்று உதைப்பாள். அப்புறம் பழகிவிட்டாள். தானாகவே மடியில் வந்து உட்காருவாள். கழுத்துக்குப் பின்னால் அந்த ரோமத்துக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் கை அமைதியாகிவிடும். இது என்ன மருந்து என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் அலமாரியில் இது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. காட்சிக்கு முந்திய இரண்டு மாதமும் நான் முழு டம்ளர் டீ குடித்தேன்.

போன சனிக்கிழமை காலை. மறுநாள் காட்சி. நீங்கள் மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்ததை நான் மறக்கவில்லை: "காட்சிக்கு வளர்க்கும் ரோமத்தில் கத்தரிக்கோல் படக்கூடாது." அடியில் இரண்டு கோடு. அதைப் படித்துப் படித்து மனப்பாடமாகவே தெரியும். கடைசியாக ஒரு முறை காற்றடித்து, மேசைமேல் நிறுத்தி, நாலு அடி தள்ளி நின்று பார்த்தேன். இடது தொடைப் பக்கம் ஒரே ஒரு கொத்து, ஒரு நகத்தின் அளவு, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். திரும்பி நின்றேன். ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தேன். மறுபடி திரும்பினால் அது அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சலூன்காரன் வீட்டிலிருந்து இப்படி ஒரு தலை வெளியே போகலாமா, நீங்களே சொல்லுங்கள். கத்தரியை எடுத்தேன். எடுத்த பிறகுதான் கவனித்தேன், கை ஆடவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலே நான் தொடாமல் வைத்திருந்த கத்தரி, விரலுக்குள் பழையபடி போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு வெட்டு வெட்டினேன். இடது பக்கம் சரியானதும் வலது பக்கம் கூடுதலாகத் தெரிந்தது. வலதைச் சரிசெய்தேன். இப்போது இடது பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தது. இதற்குமேல் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை சம்பந்தி. சீப்பில் எடுத்து, விரலிடுக்கில் பிடித்து, நுனியை மட்டும், நுனியை மட்டும் என்று ஓடுகிறது கத்தரி. டீ கொண்டுவந்த என் வீட்டுக்காரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தரையில் கிடந்த ரோமத்தைப் பார்த்தாள், சிவப்பு மைத் தாளைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பார்த்து, "நடுங்கலையே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள், உள்ளேயிருந்து, "முயல் போச்சு, போங்க" என்றும் சொன்னாள்.

நான் அப்படி நினைக்கவில்லை. இவ்வளவு அழகாக இருக்கும் முயலை யார் தள்ளுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காட்சி மண்டபம். முழங்கால் வலியில் உங்களால் வர முடியவில்லை, அதுவும் நல்லதுதான். நீள மேசை, மேலே கம்பளத் துண்டு, சுற்றிலும் கூண்டுகள், எங்கே பார்த்தாலும் ரோமம். உங்கள் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் முயலைச் சாக்குப் பையிலிருந்து அவிழ்த்த மாதிரி வைத்திருந்தார்கள். சீமாட்டி மட்டும் அச்சில் வார்த்தெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். பழக்க தோஷத்தில் நான் அவள் தலைக்குப் பின்னால் சலூன் கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரர் எட்டி வந்து பார்த்தார். நடுவர் அம்மா ஒவ்வொரு முயலாகத் தூக்கி, பல்லைப் பார்த்து, காதில் எண்ணைப் பார்த்து, ரோமத்துக்குள் ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டு வந்தார். சீமாட்டியிடம் வந்ததும் ஊதினார். நிறுத்தினார். மறுபடி ஊதினார். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஒரு கொத்தைக் கறுப்புத் துணிமேல் விரித்துப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "இந்த முயல் யாரோடது?" என்றார்.

"என்னோடதுதாங்க."

"இந்த நுனியெல்லாம் யார் வெட்டினது?"

வேறு யாராவது பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடப் போகிறார்களே என்று நான் ஒரு அடி முன்னால் வந்து, "நானேதாங்க! முப்பத்தெட்டு வருஷத் தொழில்!" என்றேன்.

"ஐயா, வளர்ற முடிக்கு நுனி ஊசி மாதிரி மெலிஞ்சு போகும். இது ஒவ்வொண்ணும் நறுக்குன்னு நிக்குது. இருபது வருஷமா நடுவரா இருக்கேன், இவ்வளவு சுத்தமா வெட்டினதை நான் பார்த்ததே இல்ல."

"ரொம்ப நன்றிங்க" என்றேன். சிவப்பு நிறத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மற்றவர்களுக்கெல்லாம் வெள்ளைச் சீட்டு, எனக்கு மட்டும் சிவப்பு. முதல் பரிசுக்குத்தான் சிவப்பு என்று யாருக்குத்தான் தோன்றாது? மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன், படிக்க முடியவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் போனைக் கொடுத்து, சீட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, சீமாட்டியை மறுகையில் ஏந்தி ஒரு படம் எடுக்கச் சொல்லி, உங்களுக்கு உடனே அனுப்பியதும் அதனால்தான். கூடவே "எல்லாம் தங்கள் ஆசீர்வாதம்" என்று நான் எழுதியதையும் பெரிது பண்ணாதீர்கள். சீட்டில் "வெட்டப்பட்ட ரோமம், தகுதி நீக்கம்" என்று இருந்ததை வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரிதான் படித்துச் சொன்னாள்.

ஆக, இதுதான் நடந்தது. நான் தோற்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். தோற்றவர்களுக்கு நாலு, ஐந்து, ஆறு என்று எண் கொடுத்தார்கள், எனக்கு எண்ணே கொடுக்கவில்லை. தகுதி நீக்கம் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை என்று வாதாட எனக்கு வாய் இருக்கிறது. வாதாடவில்லை. சிவப்பு மையில் எழுதியதை மீறியது நான். ஞாயிறு பத்து மணிக்குச் சீமாட்டி தயாராக இருப்பாள். மனப்பூர்வமாக அனுப்பி வைக்கிறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு சில விஷயங்களைத் தாங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். தாங்கள் இருபத்தைந்து வருஷமாக முயல் வளர்ப்பவர்தான், இருந்தாலும் சொல்கிறேன். காலையில் செய்தி கேட்கும்போது ரேடியோவை அவள் பக்கம் திருப்பி வைக்க வேண்டும், வானிலை சொல்லும்வரை அசையாமல் கேட்பாள். புல்லைக் கிண்ணத்தில் போட்டால் தின்ன மாட்டாள், கையில் ஒவ்வொரு தண்டாக நீட்டினால் தின்பாள். இதை நான் பழக்கியதாக நினைக்க வேண்டாம், அவள்தான் என்னைப் பழக்கினாள். வலது காதுக்குப் பின்னால் தடவினால் பல்லை மெல்ல நறநறவென்று கடிப்பாள், அது சந்தோஷம், வியாதி என்று மருந்து கொடுத்துவிடாதீர்கள். இருபத்திரண்டு முயலுக்கு நடுவில் தடவ நேரமிருக்காது என்று தெரியும். நேரம் ஒதுக்குங்கள். சந்தேகம் வந்தால் எந்த நேரமும் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். தங்கள் முழங்கால் சீக்கிரம் படியேறட்டும். தங்கள் முயல்கள் எல்லாம் இருநூற்றுக்குக் குறையாமல் போட்டு நீடூழி வாழட்டும். நம் பிள்ளைகள் நாம் போட்ட சண்டைகளைக் கண்டுகொள்ளாமல் சந்தோஷமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாக்கை என்றும் காப்பாற்றும் தங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே இருப்பது வியாழக்கிழமை எழுதியது. இன்று வெள்ளி, மாலை நாலு மணி. அதில் "ஒரு வருத்தமும் இல்லை" என்று ஒரு வரி வரும். அதை அடித்துவிட்டுப் படியுங்கள். காலையில் இதைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன். சீமாட்டிக்கும் கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டேன். தபால் நிலையத்துக்கு எதிரில் பஸ் நிலையம் இருப்பதற்கு நான் பொறுப்பில்லை. நம் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போகும் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் வீட்டுக்காரிக்கு போன் போட்டு, "நான் பஸ்ல இருக்கேன், கோவிச்சுக்காதே" என்றேன். "தெரியுது. மூணு சீட்டு தள்ளிப் பின்னால திரும்பிப் பாருங்க" என்றாள். இரண்டு பையும், மடியில் ஒரு கட்டுப் புல்லுமாக உட்கார்ந்திருந்தாள்.

இப்போது உங்கள் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தும்மா என்று கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். கதவுக்குச் சவரம் செய்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். கை நடுங்கிய இடம் வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா" என்றாள். நான் அழுதுவிட்டேன். அதை மறைக்கவில்லை. அப்புறம், "சீமாட்டி எங்கயும் போகமாட்டா. எங்க அப்பா வரட்டும், நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, புல் எங்கே வைப்பது என்று கேட்டாள்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைச் சாயங்காலத்துக்குள் உங்கள் கையில் இருக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். ஆகவே ஞாயிறு பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்குப் போக வேண்டாம், பூட்டியிருக்கும். நேராக இங்கே வந்துவிடுங்கள். சீமாட்டி உள்ளறையில் இருக்கிறாள், உங்கள் மகள் வாசலில் இருப்பாள். அவளிடம் கேளுங்கள். அவள் கொடுத்தால் தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.